எண்ணூர்க் கடலும் எல்லை கடந்த அறிவும்

பொருளாதார மாற்றத்திற்கு உள்ளாகும் நாடுகளின் அறிவியல் வளர்ச்சியை, அவை வெளியிடும் ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையையும், அவற்றுள் பிறநாட்டாரோடு கூடி எழுதப்பட்டவற்றின் விகிதத்தையும் கொண்டு அளப்பது வழக்கம். இவ்வளவுகோல் எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பதற்கு வடசென்னைக் கடற்கரை நிகழ்வொன்று நல்ல சான்றாகும்.

1991ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பின், 2001இல் எண்ணூர்த் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. 2014இல் அது காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாறியது. 2017 சனவரி 28 அதிகாலையில், அத்துறைமுகத்தை அடுத்த கடலில் 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்னும் இரு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் திருவொற்றியூரைக் கடந்து மெரினாவுக்கும் தெற்கே பரவிற்று.

எண்ணெய் செல்லும் வழியை, ஐதராபாத்தில் 1999இல் நிறுவப்பட்ட இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் கணித்தது. அதற்குத் துணைநின்றது, அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனம் உருவாக்கி, உலகோர் யாவரும் கட்டணமின்றிப் பெறும்படி வைத்துள்ள 'நோம்' என்னும் கணினி மாதிரியாகும். மிதக்கும் எண்ணெய் நீரோட்டத்தோடு செல்லும். காற்றின் வேகத்தில் ஏறத்தாழ 3 விழுக்காட்டு அளவிலும் தள்ளப்படும். இவ்விரண்டையும் கூட்டியே மாதிரி அதன் பாதையைக் காட்டுகின்றது. ஆனால் வங்கக் கடலின் நீரோட்டத் தரவு ஊட்டப்படாவிடில் அம்மாதிரி இங்கே பயன்படாது. ஒருவர் கருவியைத் தர, மற்றவர் தம் கடலைப் பற்றிய அறிவைத் தருவதே பன்னாட்டு ஒத்துழைப்பின் உட்பொருள் எனலாம்.

ஆயினும், எர்ணாவூர்க் கரைப் பாறைகளிடையே தேங்கிய கரும்பிசினை மனிதர்கள் வாளிகளால்தாம் அள்ளினர். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்தபோதும் மீனவர்கள் வாளியும் குவளையுமே ஏந்தி நின்றனர்.

முதல் விபத்தைக் குறித்த ஆய்வுகள் அறிவியல் இதழ்களில் வெளிவந்துள்ளன; அவை நாட்டின் கணக்கிலும் சேரும். அது பெருமைக்குரியதே. எனினும், கடலின் போக்கை முன்னறியும் திறன் நமக்கு வாய்த்த வேகத்தில், கரையைக் காக்கும் ஏற்பாடு வாய்க்கவில்லை என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. ஆய்வின் பயனை அளக்க விரும்புவோர், கட்டுரைகளை எண்ணுவதோடு, அடுத்த விபத்தில் எண்ணூர் மீனவர் கையில் வாளிக்குப் பதிலாக என்ன இருக்கும் என்றும் வினவுதல் வேண்டும்.