உடன் பணிபுரிவோர்

மாணவ மாணவியரே! கல்வி முடிந்ததும் நீங்கள் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பள்ளிகளிலும் பணியேற்பீர்கள். அங்கே பார்வையற்ற ஒருவரோ, செவிப்புலன் குன்றிய ஒருவரோ உங்கள் அருகில் அமர்ந்திருக்கக் கூடும். அவர் அவ்விடத்திற்கு வந்தது பிறர் இரக்கத்தினால் அன்று. தம் தகுதியினாலும் உரிமையினாலும் ஆகும்.

1995-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசுப் பணிகளில் 3 விழுக்காடு இடம் ஒதுக்கிற்று. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் குறைந்தது 4 விழுக்காடாக உயர்த்தியது; அவரவர் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்து தருவது அரசு அலுவலகங்களின் கடமை என்றும் விதித்தது. ஆயினும், சட்டம் நாற்காலியைத் தரலாம். அதில் அமர்ந்தவரோடு வேலையைப் பகிர்ந்துகொள்ளும் மனத்தை உடன் பணிபுரிவோரே தர வேண்டும்.

நான் அறிந்த பள்ளியொன்றில் பார்வையற்ற வரலாற்றாசிரியர் ஒருவர் சேர்ந்தார். அனைவரும் அவரைக் கைபிடித்து அழைத்து வந்தனர். தேநீர் வாங்கித் தந்தனர். ஆனால், "உங்களுக்கு ஏன் சிரமம்?" என்று கூறிப் பத்தாம் வகுப்பை அவருக்கு ஒதுக்கவில்லை. சுற்றறிக்கை வரும்போது ஒப்பமிட வேண்டிய இடத்தைக் காட்டினரேயன்றி, அதிலுள்ள செய்தியைப் படித்துக் காட்டினாரில்லை. "சிரமம் வேண்டாமென்று என் வேலையையே எடுத்துக்கொண்டார்கள், ஐயா" என்று அவர் என்னிடம் வருந்தியதுண்டு. அன்புடன் விலக்கினும் விலக்கு விலக்கே அன்றோ?

மறு ஆண்டு இளைய ஆசிரியர் ஒருவர் சுற்றறிக்கைகளை உரக்கப் படிக்கத் தொடங்கினார். பத்தாம் வகுப்பும் அவரிடம் வந்தது. பாடத்தை அவர் நடத்த, நிலப்படத்தில் ஊர்களைக் குறிக்கும் பணியை மாணவர்கள் முறைவைத்துச் செய்தனர். இம்மாற்றத்திற்குப் பள்ளி ஒரு காசும் செலவிடவில்லை.

எனவே, இவற்றை மனத்திற் கொள்ளுங்கள். உதவுமுன், "தங்களுக்கு என்ன தேவை?" என்று கேளுங்கள். செவிப்புலன் குன்றியவரிடம் முகம் பார்த்துப் பேசுங்கள். கூட்டத்தில் ஒருவர்பின் ஒருவராகப் பேசி, முடிவுகளை எழுதிக் கொடுங்கள். பொறுப்பான பணிகளைப் பங்கிடும்போது அவர் பெயரையும் சொல்லுங்கள். அவர் பிழை செய்தால், மற்றவரிடம் கூறுவது போலவே அவரிடமும் கூறுங்கள். ஒருவரைச் சமமாக மதிப்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.