303 வாக்குகள்: ஆயர் ஈத்தாம் சொல்லும் கணக்கு

வடக்கிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகிறவர்களுக்கு ஆயர் ஈத்தாம் என்றால் பீங்கான் கடைகளும், பத்து பகாட்டுக்கும் குளுவாங்கிற்கும் பிரியும் சாலைகளும்தான் நினைவுக்கு வரும். அரசியல் தெரிந்தவர்களுக்கு நினைவுக்கு வருவது ஓர் எண்: 303.

2018ஆம் ஆண்டு 14ஆவது பொதுத்தேர்தலில் இந்த நாடாளுமன்றத் தொகுதியில் மும்முனைப் போட்டி. மசீசவின் டத்தோஸ்ரீ வீ கா சியோங், குளுவாங்கை விட்டு இங்கு வந்து நின்ற ஜசெகவின் லியூ சின் தோங்கை 303 வாக்குகளில்தான் வென்றார். பதிவான வாக்குகளோ 38 ஆயிரத்திற்கும் மேல். பாஸ் வேட்பாளரும் களத்தில் இருந்தார்.

இத்தொகுதியில் இந்திய வாக்காளர்கள் ஏறக்குறைய 4 விழுக்காடு. தனியாகப் பார்த்தால் யாரும் பொருட்படுத்தாத அளவு. ஆனால் அந்த 4 விழுக்காடு என்பது ஆயிரம் வாக்குகளைத் தாண்டும். வெற்றி வித்தியாசத்தைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். மலாய்க்காரர், சீனர் வாக்குகளைப் பற்றியே கட்சிகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த இடத்தில், சிறு எண்ணிக்கையும் முடிவை மாற்றக்கூடிய நிலை இருந்தது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. போட்டி கடுமையாக இருந்தால்தான் சிறுபான்மையினரின் கதவைத் தட்டுவார்கள். வித்தியாசம் ஆயிரக்கணக்கில் போய்விட்டால் அடுத்த தேர்தல் வரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நாட்டில் உள்ள 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் இந்தியர்கள் பெரும்பான்மையாக இருக்கும் தொகுதி ஒன்றுகூட இல்லை. ஆகவே வாக்குப் பெட்டியை மட்டும் நம்பியிருப்பது போதாது. முடிவெடுக்கும் மேசையிலும் ஆள் இருக்க வேண்டும்.

அந்த மேசை பெரும்பாலும் ஊராட்சி மன்றத்தில்தான் இருக்கிறது. சாக்கடை, தெருவிளக்கு, சிறுகடை உரிமம், திடல் எல்லாம் அங்கே பேசப்படுபவை. ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி 8 முதல் 24 உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. தத்தம் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கக்கூடியவர்களையும் நியமிக்கலாம் என்று அச்சட்டமே சொல்கிறது. நடைமுறையில் ஆளும் கட்சிகளின் பங்கீடே அதை முடிவு செய்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய குடும்பத்தின் வீட்டுப் பிரச்சினையும், தனியார் நிலத்தில் நிற்கும் கோயிலின் கதியும் அனுபவித்தவர் வாயிலிருந்து வரும்போதுதான் கோப்பு நகரும். சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளும் மூதாட்டிக்கு வாக்கே இல்லை. அவருக்காகப் பேச யாரேனும் உள்ளே இருந்தால்தான் உண்டு.

இதே நியாயம் நமக்கு எதிராகவும் திரும்பும்; அதையும் ஏற்கத்தான் வேண்டும். கேமரன் மலை மஇகா தொடர்ந்து போட்டியிட்டு வந்த தொகுதி. 2019 ஜனவரி இடைத்தேர்தலில் தேசிய முன்னணி அங்கே ரம்லி முகமட் நோரை நிறுத்தியது. நம்மவர் தொகுதி போய்விட்டதே என்று வருந்தியவர்கள் உண்டு. ஆனால் சுதந்திரம் பெற்று 60 ஆண்டுகளுக்குப் பிறகுதான் பூர்வகுடி மக்களில் ஒருவர் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நம்மைவிட நீண்ட காலம் காத்திருந்தவர்கள் அவர்கள்.

நம் சமூகத்திற்குள்ளும் இதைக் கேட்க வேண்டும். கூட்டங்களில் மேடையில் அமர்வது யார்? தோட்டத்துப் பெண்களும் இளைஞர்களும் எத்தனை பேர்?

18 வயதினர் முதன்முதலாக வாக்களித்தது 2022 மார்ச் 12ஆம் தேதி நடந்த ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில்தான். இப்போது பதிவு தானாகவே நடக்கிறது. அடையாள அட்டையில் உள்ள முகவரியே தொகுதியைத் தீர்மானிக்கிறது. வேலைக்காக ஜொகூர் பாருவிலோ சிங்கப்பூரிலோ தங்கியிருக்கும் ஆயர் ஈத்தாம் பிள்ளைகள் பலருக்கு அட்டையில் இன்னும் பழைய தோட்டத்து முகவரிதான் இருக்கும். அவர்களின் வாக்கு இன்னமும் ஊரில்தான் இருக்கிறது.