ஓடுறதுக்கு முதல் நிக்க வேணும்



போன எபிசோட்டில் பழைய லேப்டாப்புகளைத் திருத்துவது பற்றிக் கதைக்கும்போது, என்னிடம் 2002ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று நிற்கிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பிறகு வந்த மெசேஜ் எல்லாம் ஒரே மாதிரி. "அண்ணா, என்ன எக்ஸோஸ்ட் போட்டிருக்கிறீங்கள்?" "டேர்போ போடலாமோ?" "வீட்டு வாசலில வைச்சு நானே செய்யலாமோ?" பிரேக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. குறை சொல்லவில்லை, வாங்கின புதிதில் நானும் கேட்கவில்லை. அதனால் என்ன நடந்தது என்று முதலில் சொல்கிறேன். பிறகு எந்த ஒழுங்கில் வேலை செய்யலாம் என்று பார்ப்போம்.

ஏன் இந்தக் கார்?

எம்எக்ஸ்-5 முதன்முதலில் 1989 பெப்ரவரியில் சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் வெளிவந்தது. பழைய பிரித்தானிய ரோட்ஸ்டர்கள் மாதிரி பாரம் குறைந்த, இரண்டு சீட், முன்னுக்கு இஞ்சின், பின்சில்லு இழுக்கும் ஒரு காரை ஏன் செய்யக்கூடாது என்று மஸ்டாவிடம் கேட்டவர் பொப் ஹோல் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வந்தது. இவ்வளவு கார் ஓடுவதால் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கும். என்னுடையது இரண்டாம் தலைமுறை, 1.8 லீற்றர். எடை ஒரு தொன்னுக்குச் சற்று மேல். பொனெட்டைத் திறந்தால் கை போக இடம் இருக்கும். கையால் பழக இதைவிட நல்ல ஸ்போர்ட்ஸ் கார் கிடைப்பது கஷ்டம்.

குப்பைத்தொட்டிக் கதை

ஒரு கொன்ட்ராக்ட் முடிந்து அடுத்தது வராத இரண்டு மாதம். கையில் நேரம் இருந்தது, காசு அளவாகத்தான் இருந்தது. அந்த அளவான காசில் நான் முதலில் வாங்கியது கியர் நொப், பிறகு ஸ்டெயின்லெஸ் எக்ஸோஸ்ட். சத்தம் நல்லாத்தான் இருந்தது.

பின்பக்க பிரேக் பாட் தேய்ந்து போயிருந்ததால் அதையும் நானே மாற்றினேன். வீடியோ ஒன்றைப் பார்த்தேன், பத்து நிமிடம். மாற்றி முடித்த பிறகு ஹாண்ட் பிரேக் லீவர் வழமையைவிட உயரமாக வந்தது. "கொஞ்சம் ஓடினால் சரியாகும்" என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் வீட்டு வாசல் ரோட்டுப் பக்கம் சரிவு. இரவு பதினொரு மணிக்குக் காரை நியூட்ரலில் விட்டு, ஹாண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு உள்ளே போனேன். ஐந்து நிமிடத்தில் வெளியே ஒரு சத்தம். கார் தானாகப் பின்னுக்கு உருண்டு, நடைபாதையைக் கடந்து, ரோட்டைக் கடந்து, எதிர்வீட்டுப் பச்சைக் குப்பைத்தொட்டியில் முட்டி நின்றது. சேதம் ஒரு தொட்டியும் ஒரு பின்லைட்டும். இதே சம்பவம் காலை எட்டரைக்கு நடந்திருந்தால் அந்த நடைபாதையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற நேரம். அதை நினைத்து அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அப்பா செருப்போடு வெளியே வந்து பார்த்தார். ஏசவில்லை. "சில்லுக்குக் கல் வைக்கேல்லையோ?" என்று மட்டும் கேட்டார். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடைக்காலத்தில், கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய ஒஸ்டின் ஒன்றை ஓட்டியவர் அவர். அந்தக் காரின் ஹாண்ட் பிரேக்கை ஒருவரும் நம்புவதில்லை. சீட்டுக்குக் கீழே எப்பவும் ஒரு கல் இருக்குமாம். "ஓடுறதைப் பிறகு பாக்கலாம் தம்பி. நிக்குதோ எண்டு முதல் பாக்க வேணும்."

எனக்குக் கிடைத்த ஒழுங்கு அதுதான்: நிற்க வேண்டும், ஈரம் பிடிக்கக்கூடாது, உண்மையான அளவு தெரிய வேண்டும். சத்தமும் வேகமும் அதற்குப் பிறகு.

நான் விட்ட பிழை என்ன?

அடுத்த நாள் காலிப்பரைத் திரும்பக் கழற்றிப் பார்த்தபோதுதான் விளங்கியது. இந்தக் காரில் பின் காலிப்பர் இரண்டு வேலை செய்கிறது. காலால் மிதித்தால் பிரேக் ஒயில் பிஸ்டனைத் தள்ளும். ஹாண்ட் பிரேக்கை இழுத்தால் கேபிள் ஒன்று அதே பிஸ்டனை இயந்திர முறையில் தள்ளும். அந்த இரண்டாவது வேலைக்காகப் பிஸ்டனுக்குப் பின்னால் சின்னதாகத் திருகு அமைப்பு ஒன்று இருக்கிறது.

தேய்ந்த பாட்டைவிடப் புதுப் பாட் தடிப்பு. அதனால் பிஸ்டன் உள்ளே போக வேண்டும். முன்பக்கம் கிளாம்ப் வைத்து மெதுவாக அமத்தினால் போகும். பின்பக்கம் அப்படி அமத்தக்கூடாது. காலிப்பரின் பின்னால் மூடி மாதிரி ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மில்லிமீற்றர் அலன் கீ போகும். மணிக்கூட்டுக்கு எதிர்த் திசையில் திருகினால் பிஸ்டன் உள்ளே வரும். இதுவரை நானும் செய்தேன்.

நான் விட்டது கடைசிப் படி. பாட் போட்ட பிறகு அதே அலன் கீயை மணிக்கூட்டுத் திசையில், டிஸ்க் இறுகி நிற்கும் வரைக்கும் திருக வேண்டும். பிறகு மூன்றில் ஒரு சுற்று பின்னுக்கு விட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பாட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கும். லீவரின் இழுவை எல்லாம் அந்த இடைவெளியை மூடுவதிலேயே முடிந்துவிடும். இறுக்க ஒன்றும் மிச்சம் இராது. ஒரு சக்கரத்துக்கு இரண்டு நிமிட வேலை.

பாட் மாற்றின பிறகு இன்னொன்று: காரை அசைக்க முதல் பிரேக் பெடலைப் பலமுறை மிதித்து, அது இறுகுகிறதா என்று பாருங்கோ. முதல் மிதியில் பெடல் நிலம் வரைக்கும் போகலாம். அது வாசலில் நடக்கட்டும், சந்தியில் வேண்டாம்.

தூக்குவது

காருடன் வருகிற ஜாக் ரோட்டோரம் டயர் மாற்றத்தான். அதை நம்பிக் கீழே ஒருநாளும் போகக்கூடாது. சமதரையில், கியரில் விட்டு, தூக்காத சில்லுக்குக் கட்டை வையுங்கோ. ட்ரொலி ஜாக்கால் முன்பக்கம் நடுக் குறுக்குச் சட்டத்திலும், பின்பக்கம் டிஃபெரென்ஷியலிலும் தூக்கலாம். தூக்கியதும் எக்ஸல் ஸ்டாண்டைப் பக்கச் சட்டத்தில் பலப்படுத்திய இடங்களில் வைத்து, காரைக் கையால் ஒருமுறை ஆட்டிப் பாருங்கோ. ஆடினால் திரும்ப வையுங்கோ.

சில்லு நட் இறுக்க டோர்க் ரென்ச் வாங்குங்கோ. மஸ்டா சொல்லும் அளவு 88 முதல் 118 நியூட்டன் மீற்றர். நான் 100இல் வைக்கிறேன். கொஞ்ச தூரம் ஓடிவிட்டு இன்னொருமுறை பார்க்க வேண்டும்.

பிரேக் ஒயில்: மலிவான அப்கிரேட்

பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 தரத்தில் புது ஒயில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக்கூடாது. ஈரம் பிடித்த பிறகு அந்தத் தர எல்லை 155 பாகை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் காலிப்பர் நல்லாச் சூடேறும். உள்ளே தண்ணீர் கொதித்து ஆவியானால், ஆவி நசுங்கும், திரவம் நசுங்காது. நீங்கள் மிதிக்கிற பலம் ஆவியை நசுக்குவதிலேயே போகும். பெடல் பஞ்சு மாதிரி இறங்கும்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். இரண்டு பேர் வேண்டும். என்னோடு தங்கச்சி. அவள் பெடலை அமத்திப் பிடிப்பாள்; நான் காலிப்பரில் உள்ள நிப்பிளைத் திறப்பேன்; பழைய ஒயிலும் குமிழிகளும் குழாய் வழியாகப் போத்தலுக்குள் வரும்; நான் மூடுவேன்; அதன் பிறகுதான் அவள் காலை எடுப்பாள். ஒழுங்கு மாறினால் காற்று உள்ளே போய்விடும். வலப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள காரில் பின் இடம், பின் வலம், முன் இடம், முன் வலம் என்று தூரத்தில் இருந்து கிட்டவாக வரலாம். மேலே உள்ள தொட்டி வற்றவே கூடாது. பெயின்டில் ஒயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கோ, பெயின்டைத் தின்னும். டொட் 5 என்பது சிலிக்கோன், வேறு வகை. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதே என்று கலக்க வேண்டாம்.

டயரின் பிறந்த நாள்

டயரின் பக்கத்தில் "டொட்" என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. இந்தக் கார்கள் கனகாலம் கராஜில் நிற்பவை. பூ நல்லா இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். பின்சில்லு இழுக்கும் காரில், மழையில், கல்லான ரப்பர் என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. காற்றழுத்தம் என் காருக்கு 26 பிஎஸ்ஐ. மற்றக் கார்களைவிடக் குறைவு; ஒருவர் "உதவிக்கு" 34 அடித்துவிட்டால் காரின் குணமே மாறிவிடும்.

தண்ணீர் எங்கே போகிறது?

மடிக்கும் கூரையில் விழும் மழைநீர், சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள துவாரங்களால் இறங்கி, பின்சில்லுக்கு முன்னால் கீழே வெளியேற வேண்டும். இலை அடைத்தால் தண்ணீர் கார்ப்பெட்டுக்குள் வரும், பக்கச் சட்டத்தை உள்ளிருந்து கறள் தின்னும். பனிக்கால உப்பு வெளியில் இருந்து தின்னும். இங்கே இங்கிலாந்தில் இந்தக் கார்கள் வருடாந்த எம்ஓடி பரிசோதனையில் தோற்பதற்கு இது முக்கியமான காரணம். அரைப் போத்தல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கோ. கீழே வராவிட்டால், வளையக்கூடிய பிளாஸ்டிக் நரம்பு ஒன்றால் மெதுவாகக் குத்துங்கோ. இரும்புக் கம்பி உள்ளே உள்ள குழாயை ஓட்டையாக்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கு: நம்பர் பிளேட்டைக் கொடுத்தால் அரசாங்கத் தளத்தில் பழைய எம்ஓடி முடிவுகள் இலவசமாக வரும். "கறள்" என்ற சொல் எந்த வருடம் முதல்முறை வந்தது, பிறகு எப்படி மறைந்தது என்று வாசியுங்கோ. வெல்டிங் செய்து மறைந்ததா, கறுப்பு பெயின்டால் மறைந்ததா என்று விற்பவரிடம் கேட்கலாம்.

பொய் சொல்லும் மீற்றர்

இது எங்கள் நிகழ்ச்சி கேட்பவர்களுக்குப் பிடிக்கும். என் காரின் டாஷ்போர்டில் ஒயில் அழுத்த மீற்றர் ஒன்று இருக்கிறது. அது உண்மையில் ஒரு சுவிட்ச். அழுத்தம் ஒரு சின்ன அளவைத் தாண்டினால் முள் நடுவுக்குப் போகும், இல்லாவிட்டால் கீழே விழும். இடையில் ஒன்றுமில்லை. வெப்ப மீற்றரும் அப்படித்தான். பெரிய ஒரு வெப்ப இடைவெளி முழுக்க முள் நடுவிலேயே நிற்கும். முள் ஏறுவதை நீங்கள் காணும்போது இஞ்சின் ஏற்கனவே கஷ்டத்தில் இருக்கும்.

இதற்கு நான் செய்த அப்கிரேட்: ஓபிடி சொக்கெட்டில் சின்ன புளூடூத் அடாப்டர், போனில் ஒரு அப். கூலன்ட் வெப்பம் இலக்கமாக வரும். சூடேறின பிறகு 90ஐ ஒட்டி நிற்க வேண்டும். ஒருநாள் டிராபிக்கில் 104 காட்டியது. டாஷ்போர்ட் முள் அசையவில்லை. ஓரம் கட்டி, ஆறவிட்டுப் பார்த்தால் ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டியில் மயிர் அளவு வெடிப்பு. கறுப்பாக இருக்க வேண்டிய அந்தப் பிளாஸ்டிக் மண்ணிறமாக மாறியிருந்தது. உங்களுடையதும் அந்த நிறம் என்றால் வெடிக்க முதல் மாற்றுங்கோ. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

பிறகு உங்கள் விருப்பம்

இவ்வளவும் முடிந்தால் கியர் நொப் போடுங்கோ, எக்ஸோஸ்ட் போடுங்கோ. ஆனால் இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்கோ. சொல்லாமல் மாற்றினால், விபத்து நடக்கும் நாளில் காசு தர மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும். ஸ்டீயரிங்கை மாற்றினால் எயார்பேக் போய்விடும் என்பதையும் யோசியுங்கோ. எயார்பேக், பெற்றோல் குழாய், வெல்டிங் மூன்றையும் நான் தொடுவதில்லை. தெரிந்தவரிடம் காசு கொடுத்துச் செய்கிறேன். வேலையில் பிழை விட்டால் பழைய வேர்ஷனுக்குத் திரும்பலாம். சரிவில் உருளத் தொடங்கின காருக்கு அந்தப் பட்டன் இல்லை.

எதிர்வீட்டுக்காரருக்குப் புதுத் தொட்டியும் ஒரு பெட்டி இனிப்பும் கொடுத்தேன். இப்போது ஹாண்ட் பிரேக் நல்லாப் பிடிக்கிறது. ஆனாலும் இரவில் கியரில்தான் விடுகிறேன். அப்பா எங்கேயோ இருந்து ஒரு செங்கல் கொண்டுவந்து வாசலில் வைத்திருக்கிறார். அதையும் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

உங்கள் டயரின் நாலு இலக்கத்தைப் பார்த்து எனக்கு அனுப்புங்கோ. ஆகப் பழையதை அடுத்த எபிசோட்டில் வாசிக்கிறேன், பெயர் சொல்லாமல்.