மருந்துசாலைப் பேரேடும் இலண்டன் நூலகமும்: மலையக மருத்துவ வரலாற்று மூலங்கள் பற்றிச் சில குறிப்புகள்

மருத்துவ வரலாறு எனப்படுவது நெடுங்காலமாக மருத்துவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நோயாளி அதில் இடம்பெறுவது பெரும்பாலும் நோய்க்கு ஓர் உதாரணமாகவே. இதற்கு வரலாற்றாசிரியரின் மனப்போக்கை மட்டும் காரணமாகக் காட்டுதல் பொருந்தாது. எவ்வகை ஆவணங்கள், எவரால், எந்தச் செல்வத்தைக் கொண்டு சேகரிக்கப்பட்டன என்பதும் உடன் நோக்கப்படல் வேண்டும். மருத்துவ வரலாற்றுக்கென அமைந்த நூலகங்களுள் முதன்மையானவற்றில் ஒன்றாகிய இலண்டன் வெல்கம் நூலகம், தன்னிடமுள்ள பழைய நூல்கள், அறிக்கைகள், சுவடிகள் பலவற்றைப் படிமங்களாக்கி, எவரும் கட்டணமின்றிக் கணினியிற் படிக்குமாறு திறந்துவிட்டுள்ளது. புலமைப்பரிசில் பெற்றுக் கடல்கடந்தோர்க்கு மட்டுமே முன்னர் கிட்டிய மூலங்களை, இன்று கினிகத்தேனையில் உள்ள பாடசாலை ஆசிரியர் ஒருவர் தமது கைத்தொலைபேசியிற் படிக்கலாம். இது வரவேற்கத்தக்க செய்தியே. ஆயின் அம்மூலங்களில் தோட்டத் தொழிலாளர் எவ்வாறு காணப்படுகின்றனர், அவர்களைப் பற்றிய எவை அங்கு காணப்படமாட்டா என்னும் வினாக்களை எழுப்பாது அவற்றைப் பயன்படுத்துதல் ஆபத்தானது.

நூலகத்தின் தோற்றத்தைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். 1853இல் அமெரிக்காவிற் பிறந்த ஹென்றி வெல்கம், 1880இல் இலண்டனிற் பரோஸ் வெல்கம் எனும் மருந்துக் கம்பனியைத் தொடங்கியவர்களுள் ஒருவர். மருந்தைச் சிறு வில்லைகளாக அழுத்தி விற்றதும், ஆபிரிக்காவினுட் புகுந்த ஐரோப்பியப் பயணிகளுக்கு மருந்துப் பெட்டிகள் வழங்கியதும் அக்கம்பனியின் புகழுக்குக் காரணமாயின. அச்செல்வமே உலகெங்குமிருந்து மருத்துவப் பொருள்களையும் ஏடுகளையும் திரட்டியது. 1911 முதல் 1921 வரை இந்தியாவில் பைரா மால் என்பவர் அவருக்காகச் சுவடிகளை ஆயிரக்கணக்கிற் சேகரித்தார். அந்நூலகத்தின் சிங்களச் சுவடிகளுக்குக் கே. டி. சோமதாச தயாரித்த விளக்கப் பட்டியல் 1996இல் வெளிவந்தது. வெல்கம் 1936இற் காலமானார். அவரது சேகரிப்பினின்று தெரிந்தெடுத்த பொருள்களைக் கொண்ட நிரந்தரக் காட்சிக்கூடமொன்று, காலனித்துவ நோக்கினை மீள உறுதிசெய்கிறது என்னும் காரணத்தால், 2022 நவம்பரில் அந்நிறுவனத்தாலேயே மூடப்பட்டது. காட்சிக்கூடத்தை மூடுதல் எளிது. நூற்பட்டியலினுள் உறையும் நோக்கினை மாற்றுதல் அத்துணை எளிதன்று.

இதனை ஓர் உதாரணத்தின் மூலம் விளக்கலாம். மேற்கிலிருந்து ஹற்றனுக்கு ஏறும் வழியில் அமைந்துள்ள கினிகத்தேனை, இலங்கையில் மிகக் கூடிய மழை பெறும் பிரதேசங்களுள் ஒன்று. அதனையடுத்த வட்டவளையையும் சேர்த்து நோக்கின், ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 5000 மில்லிமீற்றர் ஆகும். ஈரமும் நிழலும் மிதமான வெப்பமும் கொண்ட மண், தேயிலைக்கு மட்டுமன்றிக் கொழுக்கிப்புழுவுக்கும் உகந்தது. மலத்துடன் வெளியேறும் முட்டைகள் மண்ணில் நுண்புழுக்களாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, இறுதியிற் குடலில் ஒட்டிக்கொண்டு குருதியை உறிஞ்சுகின்றன. முதலிற் கால்விரலிடையே அரிப்பும் புண்ணும். பின்னர் சோகை, மூச்சிரைப்பு, முகவீக்கம். ஆயினும் மழை மட்டும் நோயை உண்டாக்குவதில்லை. மலசலகூடமற்ற லயங்கள், காலணி வாங்கப் போதாத கூலி, கர்ப்பிணியும் மலையேற வேண்டிய நிர்ப்பந்தம் என்பன ஒருங்கே கூடியபோதே புழு கொள்ளைநோயாயிற்று. பின்னவை இயற்கையின் பாற்பட்டவை அல்ல. உற்பத்தி உறவுகளின் பாற்பட்டவை.

ஐரோப்பாவிலும் இந்நோய் கவனத்தை ஈர்த்தது தொழிலாளரின் உடலிலேயே. இத்தாலியில் துபினி இப்புழுவை 1838இற் கண்டறிந்தபோதிலும், சென்ற் கோதார்ட் மலைச் சுரங்கப்பாதையைக் குடைந்த இத்தாலியத் தொழிலாளர் 1880ஆம் ஆண்டளவில் வெளிறிச் சரிந்தபோதே மருத்துவ உலகு விழித்துக்கொண்டது. (அதே சுரங்கத்தில் 1875இல் வேலைநிறுத்தஞ் செய்தோர்மீது நடத்தப்பட்ட துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டமை மருத்துவ நூல்களில் அரிதாகவே சொல்லப்படுகிறது.) இலங்கையின் தலைமைச் சிவில் மருத்துவ அதிகாரியாயிருந்த கின்சி 1887இல் வெளியிட்ட அறிக்கை, இலங்கையின் 'சோகை அல்லது பெரிபெரி' பற்றியது. அசாம் தேயிலை மாவட்டங்களில் நிலவிய நோய்களையிட்டு ஜைல்ஸ் எழுதிய அறிக்கை 1890இல் வெளிவந்தது. காலா அசார், பெரிபெரி, கொழுக்கிப்புழுச் சோகை ஆகியவை ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்த காலம் அது. அக்குழப்பத்தை அறிவியலின் இளமையாகக் கொள்ளலாம். ஆனால் தொழிலாளர் உண்டது என்ன, உறங்கியது எங்கே என்னும் வினாக்கள் இவ்வறிக்கைகளில் நோயின் 'சூழல்' என்னும் தலைப்பின்கீழ் ஒதுக்கப்படுவதும், கூலி பற்றிய வினா எழாமலே போவதும் இளமையின் குறைபாடுகள் அல்ல.

அரசின் தலையீடும் இவ்வாறே நோக்கப்படல் வேண்டும். கோப்பித் தோட்டங்களிலும் வடபாதையிலும் நிகழ்ந்த மரணங்களின் பின்னணியில் 1872இல் தோட்டங்களுக்கான மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1880இலும் 1912இலும் அது புதுப்பிக்கப்பட்டது. மருத்துவம் தொழிலாளரின் உரிமையாக அன்றி, தொழிலாளர் வழங்கலைத் தடையின்றிப் பேணும் ஏற்பாடாகவே அமைந்தது.

1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரப் பிரிவு மாத்தளைத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. சோதிக்கப்பட்ட தொழிலாளருட் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோரிடம் புழு காணப்பட்டது. தைமோலும் கீனோபோடியம் எண்ணெயும் கொடுக்கப்பட்டன. மருந்தினாற் புழு வெளியேறியது. ஆயின் மண் மாறவில்லை. மலசலகூடங் கட்டுதல் தோட்டச் சொந்தக்காரரின் செலவாதலின் அது தயங்கித் தயங்கியே நடைபெற்றது. நலமடைந்தோர் மீண்டும் தொற்றுக்குள்ளாயினர். 1926இல் அந்நிறுவனத்தின் துணையுடன் களுத்துறையிற் சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டபோது, முயற்சியின் மையம் தோட்டத்திலிருந்து கிராமத்துக்குப் பெயர்ந்துவிட்டது. சோமா ஹேவாவின் 1995ஆம் ஆண்டு ஆய்வும் மார்கரெட் ஜோன்சின் 2004ஆம் ஆண்டு ஆய்வும் இவ்வரலாற்றைப் பயில்வோர் தவறவிடலாகாதவை. அமெரிக்காவிற் சேமிக்கப்பட்டுள்ள ரொக்பெல்லர் ஆவணங்களிலும் ஆண்டறிக்கைகள் இன்று கணினியிற் கிடைக்கின்றன.

அவ்வறிக்கைகளின் அட்டவணைகளை நோக்குவோம். சோதிக்கப்பட்டோர், தொற்றுடையோர், முதற் சிகிச்சை பெற்றோர், குணமடைந்தோர் என நிரல்கள் செல்கின்றன. தோட்டத்தில் ஒருநாள் வேலை செக்ரோலிற் பதியப்படுவதைப் 'பேர்' என்பர், குறைந்தால் 'அரைப்பேர்'. பேதிமருந்து குடித்துக் காம்பிராவிற் கிடந்த நாளுக்குப் பேர் விழுந்ததா? இவ்வினாவுக்கு இடமளிக்கும் நிரல் எதுவும் அவ்வட்டவணையில் இல்லை. தொழிலாளி மருந்துக்கு அஞ்சினார், அறியாமையால் மறுத்தார் என்று எழுதப்படும் இடங்களிலெல்லாம் இந்த வினாவை எழுப்பிப் பார்த்தல் பயனுடையது. அறியாமை எனப்பட்டது பல வேளைகளிற் கணக்கறிவாக இருந்திருக்கக்கூடும் என்பதே எமது கருத்து.

தேடும் முறையிலும் இடர்ப்பாடு உண்டு. இவ்வறிக்கைகளில் தொழிலாளர் 'கூலி' என்ற சொல்லாலேயே சுட்டப்படுவதால், ஆய்வாளரும் அச்சொல்லை இட்டே தேட வேண்டியவராகிறார். தோட்டங்கள் ஆங்கிலப் பெயர்களாலேயே குறிக்கப்படுகின்றன. தொழிலாளரிடையே வழங்கும் தமிழ்ப் பெயர்கள் வேறு. இரண்டையும் அறிந்த ஒருவர் அருகில் இல்லாவிடின், நூலகத்தின் பக்கமும் தோட்டத்தின் நினைவும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை.

கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மருந்துசாலையிற் பழைய பேரேடுகள் சிலவற்றை நாம் காண நேர்ந்தது. திகதி, பெயர், செக்ரோல் இலக்கம், நோய், மருந்து என்னும் நிரல்கள். அட்டை கழன்றிருந்தது, ஈரம் பாதிப் பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டிருந்தது. எனினும் வாசிக்கக்கூடிய பக்கங்களில் ஒரே பெண்ணின் பெயர் ஒரே பருவத்தில் மீண்டும் மீண்டும் வந்தது. நோய் என்ற நிரலில் ஒவ்வொரு தடவையும் 'காய்ச்சல்', மருந்து என்ற நிரலில் ஒவ்வொரு தடவையும் ஒரே கலவை. இலண்டன் அறிக்கைகளில் விழுக்காடாகத் தோன்றுவோர் இங்கு பெயருடன் தோன்றுகின்றனர். பொறுப்பாயிருந்தவர், "இதுகளை யாருங்க கேக்குறா, அடுப்புக்குத்தான் போகும்" என்றார். அவரைக் குறைகூறப் பயனில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. நிலமும் தொழிற்சாலையும் கைமாறும்போது கணக்கெடுக்கப்பட்டன. மருந்துசாலைப் பேரேடு எவரது சொத்துப் பட்டியலிலும் இடம்பெறும் பொருளன்று.

முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. கம்பளைக்கு அண்மையில், தோட்ட லயமொன்றில், 2007இல் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் திறக்கப்பட்டன. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் வெளியீடுகளைக் கணினிப்படுத்தி வருகின்றது. மருந்துசாலைப் பேரேடுகளையும் இவ்வழியிற் காக்கலாம். ஒரு கட்டுப்பாடு அவசியம்: அவற்றிலுள்ளோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே லயங்களில் வாழ்கின்றனர். நோயும் பெயரும் சேர்ந்த பக்கத்தை உலகறியத் திறந்துவிடும் உரிமை ஆய்வாளருக்கு இல்லை. குடும்பத்தாரிடம் கேட்டே அதனைத் தீர்மானிக்க வேண்டும். அதற்கு முன்னர், 1992இற்கு முற்பட்ட பேரேடுகள் எந்தெந்தத் தோட்டங்களில் எஞ்சியுள்ளன என்ற பட்டியல் ஒன்று தேவை. கினிகத்தேனை, வட்டவளை, நோர்ட்டன் பிரிஜ் பாடசாலைகளின் ஆசிரியர்களும் உயர்வகுப்பு மாணவரும் சேர்ந்தால், அதனை ஒரு விடுமுறைக் காலத்திலேயே தயாரித்துவிடலாம்.