செம்மறிகள் மந்தையாகச் சேர்வது ஏன்?

நாயைக் கண்டதும் செம்மறிகள் நெருக்கியடித்து நிற்பதை மந்தைப் புத்தி என்று இகழ்வர். அது மூடத்தனமன்று. சில ஆடுகள் குனிந்து மேய்கையில் வேறு சில தலைநிமிர்ந்து பார்க்கும். ஆபத்து விரைவில் தெரிந்துவிடும். பிடிபடுவது பெரும்பாலும் ஓரத்து ஆடே. ஆகவே ஒவ்வொன்றும் நடுவே நுழையப் பார்க்கிறது என்று 1971ல் ஹாமில்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி விளக்கினார். 2012ல் வெளியான ஓர் ஆய்வில், முதுகில் கருவி கட்டிய ஆடுகள் மீது நாயை ஏவியபோது அவை மந்தையின் நடுவை நோக்கியே நகர்ந்தன.

பின்தங்கி ஓரத்தில் நிற்பவை நொண்டியும் நோயுற்றவையும்தான். கீதாரிகள் குட்டிகளைக் கூடாப்பில் அடைப்பது நல்ல பழக்கம்; நொண்டி ஆட்டையும் இரவில் அடைப்பில் வைப்பது நலம். நோயாட்டை ஒதுக்கும்போது மந்தை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் கட்டவும். அடியோடு தனித்துவிட்டால் மிரண்டு, தீனி எடுக்காமல் மேலும் மெலியும்.