படைவீரரும் சிவில் வழக்குகளும்

மும்பையின் வடகிழக்குப் புறநகரான பாண்டுப்பில் ஒரு ஜவானுக்கு ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட சிறு வீடு உண்டு எனக் கொள்வோம். அவர் எல்லைப்புறத்தில் பணியாற்றுகிறார். உறவினர் ஒருவர் அவ்வீட்டில் பங்கு கோரி வழக்குத் தொடுக்கிறார். சம்மனைப் பெற்ற தாயார், மகன் விடுப்பில் வரும்போது காட்டலாமென்று அதனைப் பெட்டியில் வைத்துவிடுகிறார். வாய்தா நாளன்று எவரும் ஆஜராவதில்லை, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிறது.

இந்நிலையைத் தடுப்பதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. முதல் உலகப் போரின்போது 1918இல் இயற்றப்பட்ட சட்டத்தைத் திருத்தித் தொகுத்ததே, 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டமாகும். எதிர்த்தரப்பினர் படைவீரர் என்று நம்பக் காரணமிருப்பின், வழக்குத் தொடுப்பவர் அதனைத் தம் மனுவிலேயே குறிப்பிட வேண்டும். மாவட்டத்தில் வசிக்கும் அல்லது சொத்துள்ள வீரர் ஒருவர் நீதிமன்றத்திற்கு வர இயலாதிருப்பதாகக் கலெக்டர் கருதினால், அவரே அதனை நீதிமன்றத்திற்குச் சான்றளிக்கலாம். வீரருக்காக வழக்கை நடத்த எவருமில்லையெனில் நீதிமன்றம் விசாரணையை நிறுத்தி, உரிய படை அதிகாரிக்கு அறிவிக்கும். போர்நிலையிலோ சட்டம் கூறும் சிறப்பு நிலையிலோ பணியாற்றும்போது பிறந்த தீர்ப்பை, நீதியின் பொருட்டு நீக்கவும் இச்சட்டம் வழிசெய்கிறது. அத்தகைய பணிக்காலம் காலவரையறைக் கணக்கில் சேராது.

கலெக்டருக்குரிய இவ்வதிகாரமே இச்சட்டத்தின் உயிர்நாடி எனலாம். ஆயினும் வழக்கு நடப்பதை அவருக்குத் தெரிவிப்பவர் யார்? பெட்டியிலுள்ள சம்மன் தானாகக் கலெக்டர் அலுவலகம் செல்லாது.

விடுப்புக் கிடைத்த வீரருக்கு 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்து 32ஆம் பிரிவு துணைசெய்கிறது. வழக்கிற்காக விடுப்பு அளிக்கப்பட்டதாகப் படை அதிகாரி தரும் சான்றிதழைக் காட்டினால், இயன்றவரை அவ்விடுப்புக் காலத்திற்குள்ளேயே நீதிமன்றம் வழக்கை முடிக்க வேண்டும். இதற்குக் கட்டணமில்லை. விடுப்பே கிடைக்காதவர், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 28ஆம் ஆணைப்படி, கமாண்டிங் அதிகாரி முன்னிலையில் கையொப்பமிட்டுத் தமக்குப் பதிலாக ஒருவரை நியமிக்கலாம். அவர் தந்தையாகவோ தம்பியாகவோ இருக்கலாம்.

வாடகைக்கு விட்ட வீட்டைத் தம் குடியிருப்புக்காகத் திரும்பப் பெறுவதற்கு, மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999இன் 23ஆம் பிரிவு படைவீரருக்கும் ஓய்வுபெற்ற வீரருக்கும் தனி உரிமை அளிக்கிறது. இட நெருக்கடி மிக்க மும்பையில் இது சிறிய சலுகையன்று.

வழக்கறிஞர் செலவு மற்றொரு சிக்கல். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. எனவே தாயோ மனைவியோ வழக்கில் தாமும் ஒரு தரப்பினராயின் உடனே விண்ணப்பிக்கலாம். தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2025 ஜூலை 26 அன்று ஸ்ரீநகரில் தொடங்கிய வீர் பரிவார் சகாயதா திட்டம், படைவீரர் நல வாரியங்களிலேயே சட்ட உதவி மையங்களை அமைக்க முற்பட்டது. விண்ணப்பிக்கச் செல்வோர் சம்மனுடன் வீரரின் படை எண், படைப்பிரிவின் பெயர், அஞ்சல் முகவரி ஆகியவற்றையும் எழுதிக் கொண்டுசெல்வது நல்லது.