இடைச்சேமிப்புப் பதிலிகளின் சோதனையில் போலி வழங்கியின் பங்கு

முன்னுரை

பயனருக்கும் இணையதளத்தின் மூல வழங்கிக்கும் இடையில் நின்று, ஒருமுறை பெற்ற மறுமொழியைச் சேமித்து அடுத்தடுத்த கோரிக்கைகளுக்கு வழங்கும் மென்பொருள் இடைச்சேமிப்புப் பதிலி எனப்படும். வழக்கில் இதனைக் கேச்சிங் ப்ராக்ஸி என்பர். எதைச் சேமிக்கலாம், எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதற்கான விதிகளை 2022 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 9111 வரையறுக்கிறது. இவ்விதிகள் பிழைபட்டால் ஒருவருடைய கணக்கு விவரம் மற்றொருவர் திரையில் தோன்றக்கூடும். எனவே பதிலிகளை முறையாகச் சோதிப்பது இன்றியமையாததாகிறது.

போலி வழங்கியின் தேவை

சேமிப்பிலிருந்து வந்த மறுமொழியும் புதிதாகப் பெற்ற மறுமொழியும் பயனருக்கு ஒன்றுபோலவே தோன்றலாம். ‘ஏஜ்’ முதலிய தலைப்புகள் வேறுபாட்டைக் காட்டினும், அவற்றைச் சேர்ப்பது சோதனைக்குள்ளாகும் பதிலியே. ஆகவே, மூல வழங்கியை வந்தடையாத கோரிக்கையே சேமிப்பு நிகழ்ந்ததற்கான சார்பற்ற சான்றாகும். மூல வழங்கியின் இடத்தில் ஒரு போலி வழங்கியை அமைத்தால் வந்த கோரிக்கைகளை எண்ணலாம். விரும்பியபோது தாமதத்தையும் இணைப்பு முறிவையும் உண்டாக்கலாம்.

சோதனை முறை

போலி வழங்கி ஒவ்வொரு மறுமொழியிலும் ஏறுவரிசை எண்ணையும், ‘மேக்ஸ்-ஏஜ்’ மதிப்பாக 2 விநாடியையும் இடுவதாகக் கொள்வோம். முதல் கோரிக்கைக்கு 1 என்னும் எண் வரும். உடனே அனுப்பும் இரண்டாம் கோரிக்கைக்கும் 1 வரவேண்டும். காலாவதியான மறுமொழியை வழங்க இசைவளிக்காத அமைப்பில், 2 விநாடி கடந்தபின் 2 வரவேண்டும். அடுத்து ‘பிரைவேட்’ என்னும் குறிப்புடன் மறுமொழி தந்து, இரு பயனர்களாகக் கோரவேண்டும். இரண்டாமவருக்கும் முதலாமவரின் எண்ணே கிடைத்தால் தனியுரிமை மீறப்பட்டுள்ளது என்பது புலனாகும்.

வார்னிஷ் மென்பொருளுக்காக உருவாக்கப்பட்ட வார்னிஷ்டெஸ்ட் கருவியில் போலி வழங்கி, பதிலி, போலிப் பயனர் ஆகிய மூன்றையும் ஒரே கோப்பில் விவரிக்கலாம். இதிலிருந்து பிரிந்த விடெஸ்ட் கருவியை ஹெச்ஏ-ப்ராக்ஸி திட்டமும் பயன்படுத்துகிறது.

முடிவுரை

போலி வழங்கி, சோதனையாளர் எண்ணிப்பார்த்த சூழல்களை மட்டுமே உருவாக்கும். உண்மை வழங்கி அனுப்பும் தலைப்புகளைப் பதிவுசெய்து அவற்றின் அடிப்படையில் அதனை அமைப்பதே நம்பகமான முடிவுக்கு வழிவகுக்கும்.